மடியில் கட்டிய பீஸ் கட்டை

அருளு, முதலில் சாப்பிட்டுவிட்டு வா, பிறகு இதைப் படி. வெறும் வயிற்றோடு எதைப் படித்தாலும் உனக்குக் கோபம் வரும். உன் அப்பாவுக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலாப்பட்டிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, "யம்மா, செக்ரட்டரியா வந்துட்டேன்" என்று நீ வாசலிலேயே சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் அக்காவைக் கூப்பிட்டு ரவை கிளறச் சொன்னேன். உன் அப்பா கடற்கரை மணலில் உட்கார்ந்து ஆரம்பித்த சங்கத்துக்கு அவர் பெற்ற பிள்ளை செயலாளர். இதைப் பார்க்க அவர் இல்லையே என்று அழக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. கேசரியை வாயில் வைத்துக்கொண்டே, சங்கத்துக்குப் புதுக் கட்டடம் திறக்கிறோம், முதல் விளக்கைச் சவரிமுத்து பெரியப்பாதான் போடப்போகிறார், நீ மேடையில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றாய். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "நீ வரலன்னா நானும் மேடை ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாய்.

போனில் பதில் சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்கு ஆத்திரத்தில் பாதி மறந்துபோகும். பாதி மறந்துபோகும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். எனக்கு எதுவும் மறக்காது என்று உனக்கே தெரியும். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். உன் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். இதை நீ மட்டும் படித்தால் போதாது. உன் சங்கத்து ஆட்களுக்கும் படித்துக் காட்டு. போன வருஷம் மலர் போட்டார்களே, அதில் சங்க வரலாறு என்று எழுதியிருந்ததை இவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். 'நீண்ட போராட்டத்திற்குப் பின் பேச்சுவார்த்தையில் சுமுகத் தீர்வு' என்று முடித்துவிட்டார்கள். சுமுகமாம். அன்றைக்கு அந்தத் தெருவில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும் அவர்களுக்கு.

நாங்கள் அப்போது குருசுக்குப்பத்தில் ஓலை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். உன் அப்பா கரண்ட் ஆபீசில் மஸ்டர் ரோல் ஆள். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. பள்ளம் தோண்ட, கம்பம் சுமக்க என்றுதான் எடுப்பார்கள்; கொஞ்ச நாளில் கம்பத்தின் மேலேயே ஏற்றிவிடுவார்கள். கைக்கு உறை கிடையாது, இடுப்புக்குக் கயிறு கிடையாது. நிரந்தர ஆட்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, அதில் இவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் இவர்களே ஒன்று ஆரம்பித்தார்கள். கூட்டம் போட இடமில்லை. டீக்கடையில் பேசினால் ஓவர்சியர் காதுக்குப் போய்விடும். பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போன பிறகும், ஐயா என்றால் போதாது, அவன் பாஷையில் 'முசே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் மனுஷன் அந்த ஓவர்சியர். பளபளவென்று பூட்ஸ் போட்டிருப்பார். பூட்ஸுக்குள் மணல் போகும் என்பதால் கடற்கரைக்கு மட்டும் வரமாட்டார். அதைக் கண்டுபிடித்தது உன் அப்பாதான். கவிழ்த்துப் போட்ட கட்டுமரங்களுக்குப் பின்னால், நாற்றமடிக்கும் வலை மேல் உட்கார்ந்துதான் உன் சங்கம் பிறந்தது. இப்போது அங்கே மணலே இல்லை, கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இப்போதென்றால் முசே பூட்ஸோடு நடந்து வந்துவிடுவார். நீ கூட்டம் போட வேறு இடம் பார்த்து வைத்துக்கொள். புதுக் கட்டடம் மட்டும் போதாது.

அந்த வலை மேல் உட்கார்ந்து அவர்கள் போட்ட முதல் சட்டம் சம்பளத்தைப் பற்றியது இல்லை. பீஸ் கட்டையைப் பற்றியது. தெரு முனைப் பெட்டியில் வெள்ளைப் பீங்கானில் ஒரு கட்டை இருக்கும், அதைப் பிடுங்கினால் அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு எல்லாம் கரண்ட் நின்றுவிடும். பிடுங்கியவன் அதைத் தன் மடியிலோ சாப்பாட்டுப் பையிலோ வைத்துக்கொண்டுதான் கம்பம் ஏற வேண்டும். யாரிடமும் கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நம் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவனே இறங்கி வந்து அவன் கையால் போட வேண்டும். புடுங்கின கைதான் போடணும், அவ்வளவுதான். ஆபீஸ் ரூல் புத்தகத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது, ஆனால் எங்களைப் போன்ற பெண்டாட்டிகள் நிம்மதியாக உலை வைத்தது இந்த ஒரு பேச்சை நம்பித்தான். அந்தச் சட்டத்துக்கு முதலில் கை தூக்கியவன் யார் தெரியுமா? சவரிமுத்து. உன் அப்பாவுக்கு உயிர்ச் சிநேகிதன். ஒரே பீடியை இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிரந்தரம் பண்ணு, கைக்கு உறை கொடு என்று கேட்டு ஸ்ட்ரைக் தொடங்கினார்கள். முதலில் யாருமே கண்டுகொள்ளவில்லை. மஸ்டர் ரோல்காரன் வராவிட்டால் வேறு ஒருவன் வருவான் என்று முசே சிரித்தாராம். அப்போதுதான் மாதா கோயில் திருவிழா வந்தது. ஆடம்பரத் தேர் எங்கள் தெருக்களைச் சுற்றித்தான் போகும். நீ சின்ன வயதில் என் இடுப்பில் இருந்து பார்த்திருக்கிறாய், ஞாபகம் இருக்காது. தேரின் முடி உயரம், தெருவில் கம்பிகள் தாழ்வு. அதனால் கரண்ட்காரர்கள் தேருக்கு முன்னால் நடப்பார்கள். கட்டையைப் பிடுங்கித் தெருவை இருட்டாக்கிவிட்டு, நீளமான மூங்கில் கவைக்கம்பால் கம்பிகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். இருட்டுத் தெருவுக்குள் தேர் மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மிதந்து வரும். அது போன பிறகு கட்டையைப் போட்டால், பின்னால் தெரு முழுக்க ஒரேயடியாக விளக்கு எரியும். சனம் ஓவென்று கத்தும். எங்கள் வீட்டு ஆம்பிளைகளைத் தெருவே நிமிர்ந்து பார்த்தது வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஸ்ட்ரைக்கில் அதையும் செய்யக் கூடாது என்று உன் அப்பா சொன்னார். மாதாவைக் கும்பிடும் வேதக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள், நானும் முணுமுணுத்தேன். நீ வயிற்றில் இருந்தாய், தேருக்குப் பூமாலை போடுவதாக நேர்ந்திருந்தேன். தேர் ஒழுங்காகப் போய்விட்டால் நாம் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள், அதோடு சங்கம் செத்தது, என் வேலையும் போனது என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் முசே பங்குச் சாமியாரிடம் போய், தேருக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்படி வாக்குக் கொடுக்கத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. தேருக்கு முன்னால் கவைக்கம்போடு நின்றது சவரிமுத்து. கூட ஆபீஸ் பியூன்கள் இரண்டு பேர். 'உனக்கு மட்டும் நிரந்தரம்' என்று அவனுக்கு ஆசை காட்டியிருந்தார்கள். அவன் பெண்டாட்டி மாசமாக இருந்தாள், அதனால்தான் போனான் என்று உன் அப்பா பிறகு வக்காலத்து வாங்குவார். நானும்தான் மாசமாக இருந்தேன். என் புருஷன் போகவில்லையே.

சங்கத்து ஆட்கள் எல்லாம் தெரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் பொம்பளைகள் அவர்களுக்குப் பின்னால். சவரிமுத்து பெட்டியைத் திறந்து கட்டையைப் பிடுங்கினான். பழக்கத்தில் மடிக்குக் கொண்டுபோனான், அதையும் பார்த்தேன். முசே கையை நீட்டினார். கொடுத்துவிட்டான். என் பக்கத்தில் நின்ற மீன்காரி ரோசி, "ஐயோ, அந்தாளுகிட்ட குடுத்துட்டாண்டி" என்று என் கையைப் பிடித்தாள். அவள் புருஷன் கடலுக்குப் போகிறவன், கரண்ட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டுத் தகராறுகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே தெரிந்திருந்தது, முசேவுக்குத் தெரியவில்லை.

முதல் தெரு நன்றாகப் போனது. திருப்பத்தில் கம்பி ரொம்பத் தாழ்வு. கவைக்கம்புக்கு அடங்கவில்லை. முடி இடிக்கும் என்று தேரைச் சற்றுத் தள்ளியே நிறுத்திவிட்டார்கள். யாராவது ஏணி வைத்துக் கம்பம் ஏறிக் கம்பியைத் தளர்த்த வேண்டும். சவரிமுத்து ஏணியைச் சாத்தினான். பாட்டு நின்றது, பேண்டு நின்றது, இருட்டில் சனம் நெருக்கியது. எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லையே, வெளிச்சம் போடுங்கள் என்று யாரோ கத்தினார்கள். முசே பையிலிருந்து கட்டையை எடுத்து, ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கலாம் என்று பியூனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சவரிமுத்துவின் ஒரு கால் ஏணியில், ஒரு கால் தரையில். தெரு முழுக்கப் பளிச்சென்று விளக்கு எரிந்தது. சனம் கைதட்டியது. கரண்ட்காரர்கள் வீட்டு ஆட்கள் மட்டும் தட்டவில்லை. இன்னும் நாலு படி ஏறியிருந்தால் கம்பி அவன் கைக்குள் இருந்திருக்கும்.

அவன் ஏணியைப் பிடித்தபடியே சரிந்து ரோட்டில் உட்கார்ந்தான். அப்போது என் கால் தானாக நடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய் அவன் முன்னால் நின்றேன். "யாருகிட்டடா கட்டைய குடுத்த?" என்று கேட்டேன். நான் அவனை வாடா போடா என்று பேசியது அன்றுதான். கீழே கிடந்த அவன் கவைக்கம்பை நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கேள்விதான் நான் அவனோடு பேசிய கடைசிப் பேச்சு.

உன் அப்பாவும் வந்துவிட்டார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேராகப் பெட்டிக்குப் போனார், கட்டையைப் பிடுங்கினார், தெரு மறுபடி இருட்டானது. என்னிடம் வந்து, "இந்தா, மடியில கட்டிக்க. எவன் கேட்டாலும் குடுக்காத" என்றார். அந்தப் பீங்கான் இன்னும் சூடாக இருந்தது. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நீ உள்ளேயிருந்து ஓர் உதை விட்டாய். பீஸ் கட்டையும் நீயும் அன்றைக்கு ஒரே மடியில் இருந்தீர்கள், அதை மறக்காதே. பங்குச் சாமியார் தேரிலிருந்து இறங்கி வந்தார். உன் அப்பா கைகூப்பி, "தோத்திரம் சாமி. மாதாவுக்குன்னா தூக்குறோம். டிபார்ட்மெண்டுக்குன்னா தூக்க மாட்டோம்" என்றார். சாமியாருக்கு வயதாகிவிட்டது, ஆனால் நல்ல விவரம். முசேவை ஒரு பார்வை பார்த்தார். "மாதா எந்த டிபார்ட்மெண்டுலயும் இல்லப்பா" என்றார். சிரிப்பு தேருக்குப் பின்னால் இருந்த கடைசி ஆள் வரைக்கும் போனது. சங்கத்து ஆட்கள் எல்லோரும் காக்கிச் சட்டையைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்துவிட்டு, வெற்றுடம்போடு கவைக்கம்பைத் தூக்கினார்கள். உன் அப்பா ஏணியில் ஏறினார். அவர் மேலே இருந்த நேரம் முழுக்க நான் மடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தேர் ஆடி ஆடி அவருக்குக் கீழே போனது. நான் நேர்ந்த மாலையை அவரே மேலிருந்து வாங்கி மாதா கழுத்தில் போட்டார். அதைவிட உயரத்திலிருந்து மாதாவுக்கு யாரும் மாலை போட்டிருக்க மாட்டார்கள்.

தேர் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. முசே தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை மாதிரி நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு, சரி, விளக்கைப் போடுங்கள் என்றார். இவர்கள் நிதானமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். "அது வேலை, முசே. நாங்க ஸ்ட்ரைக்கு" என்றார் உன் அப்பா. தெருவே சிரித்தது. தேருக்குக் கம்பி தூக்கியது நேர்ச்சை, கட்டை போடுவது டிபார்ட்மெண்ட் வேலை. புடுங்கின கைதான் போடணும், அந்தக் கையோ ஸ்ட்ரைக்கில் இருக்கிறது. முசேவின் வீடும் அந்தத் தெருவில்தான், அவருக்கு மேலே இருந்த பெரிய ஆபீசர் வீடும் அடுத்த தெருவில்தான். ஆஸ்பத்திரி வேறு லைன், அதை இவர்கள் தொடவே இல்லை. முசே பியூனைப் பார்த்தார், அவன் நழுவிவிட்டான். சவரிமுத்துவைக் கூப்பிட்டு, ஜீப்பில் வேறு கட்டை இருக்கிறது, எடுத்துப் போடு, நாளைக்கே நிரந்தர ஆர்டர் என்றார். அவன் எழுந்து நின்று மாட்டேன் என்று தலையாட்டினான். "புடுங்குனவன்தான் போடணும், முசே" என்றான். அதோடு அவன் ஆர்டர் போயிற்று. கடைசியில் முசே என்னிடம் வந்தார். "யம்மா, அத குடு" என்று கை நீட்டினார். மாசமாக இருக்கிற பொம்பளையின் மடியில் கை வைக்கிற தைரியம் அந்த ஊரில் எவனுக்கும் கிடையாது. நான் அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அருளு, அந்த மாதிரி ஒரு திருவிழா பிறகு நான் பார்க்கவில்லை. தேரில் இருந்த மெழுகுவர்த்திகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார் சாமியார். வாசலுக்கு வாசல் சுடர். பேண்டுக்காரர்கள் இருட்டிலேயே வாசித்தார்கள், தாளம் தப்பினால் சனம் கத்தித் திருத்தியது. ரோசி வஞ்சிரக் குழம்புச் சட்டியைத் தெருவிலேயே இறக்கி, ஸ்ட்ரைக் ஆட்களுக்கு எல்லாம் சோறு போட்டாள். ஒருத்தர்கூட விளக்கு இல்லையே என்று கேட்கவில்லை. காலையில் பெரிய ஆபீசரும் முசேவும் கடற்கரைக்கு வந்தார்கள். நடந்து. மணலில். முசே ஒவ்வொரு பூட்ஸாகக் கழற்றிக் கவிழ்த்ததை நான் கட்டுமரத்தில் சாய்ந்து நின்று ஆசைதீரப் பார்த்தேன். சங்கத்தோடு பேசுகிறோம், உறை உடனே வரும், மஸ்டர் ரோல் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரம் பண்ணுகிறோம் என்று சொன்ன பிறகுதான் உன் அப்பா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். கட்டையை அவர் கையில் கொடுத்தேன். அதுதான் உங்கள் சுமுகத் தீர்வு. உன் அப்பாவுக்கு ஆர்டர் வந்தபோது நீ தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாய்.

சவரிமுத்து வீட்டு வயரிங் வேலை செய்து பிழைத்தான். அவனையும் எடுக்க வேண்டும் என்று உன் அப்பா சங்கத்தில் சண்டை போட்டுச் சண்டை போட்டு, கடைசி பேட்ச்சில் சேர்த்துவிட்டார். அன்றைக்கு அவன் மாட்டேன் என்று தலையாட்டினதால்தான் சங்கம் பிழைத்தது என்று கண்ணை மூடும் வரை சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அனுப்பிய பலகாரத்தைத் திருப்பி அனுப்பினேன். உன் அப்பா சாவுக்கு வந்து ஒரு நாள் முழுக்க வாசலிலேயே நின்றான். தண்ணீர் கொடுத்தேன். பேசவில்லை. எல்லாவற்றையும் மன்னித்துவிட்டால் அப்புறம் எனக்கு ஞாபகம் எதற்கு இருக்கிறது?

நீ செயலாளர். கரண்ட்டைக் கம்பெனிக்காரனிடம் கொடுக்கப் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள், நாளைக்கு உன்னையும் தனியாகக் கூப்பிட்டு உனக்கு மட்டும் என்று ஆசை காட்டுவார்கள். பேச்சுவார்த்தைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ. பசித்தவனுக்கு அவர்கள் வைக்கிற பிஸ்கட் ரொம்ப ருசியாக இருக்கும். பொம்பளைகளிடம் சொல்லாமல் எந்த ஸ்ட்ரைக்கும் ஆரம்பிக்காதே. சனத்தின் தேரை நிறுத்தாதே. தேருக்குக் கம்பியைத் தூக்கிவிட்டு விளக்கை நிறுத்து.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வருகிறேன். ஆனால் நான் சொல்கிறபடி நடக்க வேண்டும். புதுக் கட்டடத்தில் சும்மா சுவிட்சைத் தட்ட வைக்காதே. சனம் வந்து உட்கார்ந்த பிறகு, பெட்டியைத் திறந்து சவரிமுத்துவையே கட்டையைப் பிடுங்கச் சொல். ஹால் இருட்டாகட்டும். நீ ஒன்றும் சொல்லாதே, யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் முன்வரிசையில் இருப்பேன். இந்தத் தடவை அதை யாரிடம் கொடுக்கிறான் என்று நான் பார்க்க வேண்டும். என்னிடம் வந்தானென்றால் முந்தானையை நீட்டுவேன். சிரிக்க மாட்டேன், அதை எதிர்பார்க்காதே. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருப்பேன், மேடையில் நீங்கள் பேச வேண்டியதை எல்லாம் இருட்டிலேயே பேசி முடியுங்கள். பிறகு அவன் கையிலேயே திருப்பிக் கொடுப்பேன். புடுங்கின கைதானே போட வேண்டும். விளக்கு எரிந்த பிறகு அவன் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறேன்.

ஒன்று மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவை. நம் வீட்டுக் கொல்லையில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறதே ஒரு மூங்கில் கவைக்கம்பு, உன் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து இப்போது உன் மகள் கவுன் வரை காய்ந்ததே, அது அவனுடையதுதான். அதை மட்டும் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று சொல். மழைக்காலம் வருகிறது, எனக்குத் துணி காயப்போட வேண்டும்.

உன் அம்மா